அழுத்தாமல் விட்ட பூட்டு

யாராவது என்னிடம் "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. டாக்டர் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாலும் சரி. நல்லதற்குத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நல்லதற்குச் சொன்னவர்களிடம்தான் நான் அதிகம் பட்டிருக்கிறேன். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பேச்சை எடுத்துவிடுவேன்.

தொண்ணூறுகளில் நான் கணபதி வட்டாரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கு ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் இரும்பை உருக்கி ஊற்றும் ஃபவுண்டரி. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு வகுப்புக்குப் பாடம் எடுப்பது என்றால் கத்த வேண்டும். மதியத்துக்குள் தொண்டை காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏலக்காய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு சமாளிப்போம். பள்ளி டீச்சர் பக்கத்தில் வந்தால் ஏலக்காய் வாசம் வரும் என்று பெற்றோர்கள்கூடச் சொல்வார்கள். அது வாசத்துக்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குப் பதிலாகப் போட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். குடித்தால் போக வேண்டும். போக இடம் இல்லை.

பிள்ளைகளுக்குக் கழிவறை மைதானத்தின் கோடியில் இருந்தது. கதவுகளில் பாதிக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இடைவேளையில் பெண் பிள்ளைகள் அங்கே வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் புடவை கட்டிய டீச்சர் போய் நின்றால், அடுத்த பீரியடில் வகுப்பே குசுகுசுவென்று பேசும். ஆண் ஆசிரியர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு ஃபவுண்டரிப் பக்கத்துச் சுவர் போதுமானதாக இருந்தது. ஸ்டாஃபில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நாங்கள் காலையில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினால், பொழுதோடு வீடு திரும்புகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஒரு வாரத்தில் தானாகவே வந்துவிடும்.

ஆசிரியைகளுக்கென்று ஒரு கழிவறை இருக்கத்தான் செய்தது. அதுதான் இதில் கொடுமை. ஆபீஸ் அறைக்குப் பின்னால், வெள்ளை டைல்ஸ் ஒட்டி, வெஸ்டர்ன் உட்காருமிடம் எல்லாம் வைத்து, அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தபோது கட்டியது. கொண்டி போட்டு ஒரு பூட்டுத் தொங்கும். திறந்து விட்டால் பிள்ளைகள் நாசம் செய்துவிடுவார்கள் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். சாவி தொலைந்துவிடாமல் இருக்க, பக்கத்து ஃபவுண்டரியில் வார்ப்பட அச்சு செதுக்கி மிஞ்சிய கைநீளத் தேக்குக்கட்டை ஒன்றில் கட்டி, தாளாளர் அறையில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். அந்த ஆணி அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தது. எதிரில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மத்தியில் போய், அவர் தலைக்கு மேலே கையை நீட்டி, உருட்டுக்கட்டை அளவுக்கு ஒரு சாவியை எடுத்துக்கொண்டு நடக்க எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. எடுக்காதே என்று யாரும் தடை போடவில்லை. தடை போட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம்.

தாளாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில் வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே வந்தால் எங்களைவிடப் பணிவான தமிழ். ஆயாவைக்கூட 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார். ஒருவரையும் அவர் 'வா, போ' என்று பேசி நான் கேட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் பாடு சுலபமாக இருந்திருக்கும். பணிவான மனிதர்களிடம் 'இல்லை' என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராது. என்ன சொன்னாலும் 'ஆகட்டுங்க' என்போம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆட்கள் பாழாய்ப் போனார்கள் என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அவருக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, பிறகு எங்கோ மலையடிவாரத்தில் ஒரு இயற்கை வைத்திய நிலையத்தில் போய்த் தங்கினார். திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது, கண்ணில் புது வெளிச்சம் இருந்தது. தான் பிழைத்ததோடு நின்றிருக்கலாம். எங்களையும் பிழைக்க வைப்பது என்று முடிவு கட்டிவிட்டார்.

முதலில் டீயை நிறுத்தினார்கள். எதிர் பேக்கரியிலிருந்து இடைவேளைக்கு ஒரு கேனில் டீ வரும், கூடவே சில நாள் தேங்காய் பன் வரும். அந்த டீயில் நாங்கள் ஆளுக்கு இரண்டு மடக்குத்தான் குடிப்போம், காரணம் சொல்லியாயிற்று. ஆனால் அந்த இரண்டு மடக்குதான் எங்கள் நாளில் இருந்த ஒரே இனிப்பு. அதற்குப் பதில் சர்க்கரை போடாத சுக்குத் தண்ணீர் வந்தது. அடுத்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளை டிராக் பேன்ட், கழுத்தில் விசில். பவானியிலிருந்து சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட ஜமக்காளங்கள் ஒரு வண்டி வந்து இறங்கின. தினமும் காலையில் பிரேயருக்கு முன்னால் ஹாலில் அவற்றை விரித்து, புடவையோடு எங்களைக் குனியச் சொன்னார்கள். நாங்கள் முழங்காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்துகொள்வோம். மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குங்கள் என்று பயிற்சியாளர் சொன்ன நாளில் மட்டும் எல்லோரும் ஒன்று போல நின்றுவிட்டோம். ஆண் ஆசிரியர்கள் எதிரில் எந்தப் பெண் படுப்பாள்? அதோடு ஜமக்காளங்கள் கண்ணில் படவில்லை. எங்கே போயின என்று நாங்கள் கேட்கவும் இல்லை, தொலைந்தது சனியன் என்று இருந்தோம்.

ஆனால் தண்ணீர் போகவில்லை. தாளாளருக்கு அதில்தான் உயிர். ஆளுக்கொரு செம்புச் சொம்பு வாங்கிக் கொடுத்தார்.

"சிறுவாணித் தண்ணிங்க. இந்த ருசி ஒலகத்துல வேற எங்கீங்க கெடைக்கும்? நம்மூர்ல பொறந்துபோட்டு இதைக் குடிக்காம இருக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"ஆகட்டுங்க" என்றோம்.

பிறகு தண்ணீருக்கென்றே ஒரு மணி வைத்தார். பாடம் நடக்கும்போது மணி அடிக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் வராந்தாவுக்கு வந்து சொம்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். குடிக்க மணி அடித்தார்களே தவிர, குடித்ததைக் கொண்டுபோய் விட மணியும் இல்லை, இடமும் இல்லை. வராந்தா ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன. தாளாளர் தலை அந்தப் பக்கம் திரும்பியதும் எங்கள் சொம்புகள் தொட்டிப் பக்கம் சாயும். வேர் அழுகி ஒரு தொட்டி செத்தே போனது. அதைப் பார்த்துவிட்டு அவர், "பாருங்க, தண்ணி பத்தாம இருந்தா செடியே காஞ்சு போகுது, நம்ம ஒடம்பு என்னாகுமுங்க?" என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம்.

ஒருத்தி மட்டும் நிஜமாகவே குடித்தாள்.

அவள் வரலாறு எடுப்பவள். காரமடையிலிருந்து வருவாள், இரண்டு பஸ் மாற வேண்டும், விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அவள் வகுப்பெடுத்தால் லேத் சத்தம் அடங்கிவிட்டதோ என்று தோன்றும், அப்படி ஒரு குரல். சொன்னதைச் செய்கிற குணம். எங்களைப் போலத் தலையை ஆட்டிவிட்டுத் தொட்டியில் ஊற்ற அவளுக்குத் தெரியவில்லை. "நல்லதுக்குத்தானேக்கா சொல்றாரு" என்று மடக்மடக்கென்று குடித்தாள். குடித்துவிட்டு, எங்களைப் போலவே அடக்கிக்கொண்டு, மாலையில் காரமடை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தாள்.

கொஞ்ச நாளில் அவள் முகம் வெளுத்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கேட்டால், "சூடுங்கக்கா, பஸ்ல எஞ்சின் பக்கம் ஒக்காந்து வாரனில்லீங்க" என்பாள். எல்லோரும் சூடு என்றுதான் சொன்னார்கள். ஆளுக்கொருவர் விளக்கெண்ணெய், வெந்தயம், இளநீர் என்று வைத்தியம் சொன்னார்கள். ஒருநாள் வகுப்பில் நடுக்கமும் காய்ச்சலும் வந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் கணவரும்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டரம்மா வெடுக்கென்று பேசுகிறவர். நாள் முழுக்க அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும், பிறகு என்னிடம் வந்து அழாதே என்று அவளிடம் நேராகச் சொன்னார். "தண்ணி குடி. எப்ப வருதோ அப்ப எந்திரிச்சுப் போ. ரெண்டும் சேர்ந்துதான் வைத்தியம், பாதியை மட்டும் எடுத்துக்காதே" என்றார்.

டாக்டரம்மா போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஸ்கூல்ல காய்ச்சல்னு மட்டும் சொல்லுங்க. இந்த விசயத்த ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. என்ற மாமியாகிட்டக்கூடச் சூடுன்னுதான் சொல்லியிருக்கறேன்."

"ஆகட்டும் கண்ணு" என்றேன்.

அடுத்த நாள் தாளாளர் பார்க்க வந்தார். கையில் ஒரு குலை இளநீர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "தண்ணி பத்தலீங்க. ஒடம்புல தண்ணி கொறஞ்சாத்தான் இந்தக் காய்ச்சலெல்லாம் வாரது. இனி நல்லாக் குடிக்கோணும் அம்மணி."

அவள் படுத்தபடியே, "ஆகட்டுங்க" என்றாள். நான் இளநீர்க் குலையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஹாலில் எல்லோரையும் நிற்க வைத்துப் பயிற்சியாளர் வழக்கம்போலக் கேட்டார்: "எல்லாரும் தண்ணி குடிக்கறீங்களாங்க?"

"குடிக்கறமுங்க" என்று ஹாலே சொன்னது.

"நான் குடிக்கறதில்லீங்க" என்றேன்.

பயிற்சியாளர் சிரித்தார். "ஏனுங்க டீச்சர், சிறுவாணி புடிக்கலீங்களா?"

"புடிக்குமுங்க. குடிச்சுப்போட்டு எங்கீங்க போறது?"

ஆண் ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் என்னைப் பார்க்காமல் இருக்க வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். அவளுடைய பெயரை நான் எடுக்கவில்லை, ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் முந்தின வாரம் யார் விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தாளாளர் முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அதுக்குத்தான் ஒண்ணு கட்டியிருக்குதுங்களே டீச்சர். டைல்ஸெல்லாம் போட்டு. சாவி என்ற ரூம்லதான் தொங்குது. ஆருங்க வேண்டாம்னு சொன்னாங்க?"

"ஆரும் சொல்லலீங்க. உங்க முன்னால நாலு பேரு ஒக்காந்திருக்கறப்ப, உங்க தலைக்கு மேல கையை நீட்டி அந்தக் கட்டையை எடுக்க எங்க ஆருக்கும் கை வரலீங்க."

"அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? வாங்க, இப்பவே தெறந்து தாரேன்" என்று அவரே போய்ச் சாவியை எடுத்தார். நான் பின்னால் போனேன், மற்ற டீச்சர்களும் வந்தார்கள். கிளார்க் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் தாளாளர் பூட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. பவானி ஜமக்காளங்கள் சுருட்டிச் சுருட்டி உட்காருமிடத்தின் மேல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. வாஷ்பேசினுக்குள் மிச்சம் இருந்த செம்புச் சொம்புகள் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தன. கதவோரம் எடை பார்க்கும் மெஷின். திட்டத்தின் தொடக்க விழாவுக்குக் கட்டிய துணி பேனரை மடித்துத் தண்ணீர்க் குழாயில் மாட்டியிருந்தார்கள். எங்கள் ஆரோக்கியத் திட்டம் மொத்தமும் எங்கள் கழிவறைக்குள் பத்திரமாக இருந்தது.

தாளாளர் கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தார். கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பத்தரமான எடத்துல வெய்யுங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இங்கதானுங்க ஆரும் வாரதில்லை."

மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டையைப் பிடுங்கி யாரையாவது நாலு சாத்துச் சாத்தலாமா என்று இருந்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஜமக்காளங்களை அன்றைக்கே வெளியே எடுத்துப் போட்டார்கள். சாவி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது. நல்ல இடமாகப் பார்த்து மாட்டச் சொல்லப் போனேன், அதற்கு முன்பே கிளார்க் ஆணி அடித்துவிட்டிருந்தார். கடிகாரத்துக்குக் கீழே, ஆண் ஆசிரியர்கள் உட்காரும் மேசைக்கு நேர் மேலே. கட்டை சுவரில் இடித்து டொக்கென்று சத்தம் போடும். எடுப்பவள் யார் என்று அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றே செய்தது போல இருந்தது. பூட்டாமல் விடலாமே என்று கேட்டேன். பிள்ளைகள் நாசம் பண்ணிவிடும் என்ற பழைய பாட்டையே திரும்பப் பாடினார்கள்.

அவள் லீவு முடிந்து வந்தாள். வந்ததும் என்னிடம் நேராக வந்து, "சொல்லாதீங்கன்னு அத்தனை தூரம் சொன்னனில்லீங்க?" என்றாள். நான் உன் பெயரை எடுக்கவே இல்லை என்றேன். "எடுக்கோணுமாக்கும். பஸ்ல வாரப்பவே ஒரு டீச்சர் கேட்டுப்போட்டாங்க, இப்பத் தேவலையான்னு." அவ்வளவுதான். தன் நாற்காலியைத் தூக்கி எதிர் மேசைக்குப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

எனக்கும் ரோஷம் வந்தது. உனக்காகத்தானே வாயைத் திறந்தேன் என்று இருந்தது. அவளைப் பார்க்கவே பிடிக்காமல் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் கண் போகிறதே. தண்ணீர் மணி அடித்தால் அவள் சொம்பைக் காலி செய்தாள், டாக்டரம்மா சொல்லிவிட்டாரே. இடைவேளை வந்தால் ஆணியில் தொங்கும் கட்டையை ஒருமுறை பார்ப்பாள். கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஆண்களைப் பார்ப்பாள். பிறகு காலை மாற்றிப் போட்டுக்கொண்டு கட்டுரை நோட்டு திருத்துவாள். மறுபடியும் அதே கதை ஆரம்பித்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகம் போய்விடும் என்ற வார்த்தை என் காதில்தான் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் முதல் இடைவேளை மணி அடித்ததும் நான் எழுந்தேன். ஆண்கள் மேசைக்குப் போய், எட்டிச் சாவியை எடுத்தேன். டொக். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. கட்டையை வீசிக்கொண்டே நடந்துபோய்த் திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான்தான் தண்ணீரே குடிப்பதில்லையே. வெளியே வந்து பூட்டைக் கொண்டியில் மாட்டினேன், ஆனால் அழுத்தவில்லை. பார்ப்பவர்களுக்குப் பூட்டியது போலத் தெரியும். வந்து சாவியை மாட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "இந்தப் பூட்டு சரியாவே விழமாட்டேங்குது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த இடைவேளையில் போய்ப் பார்த்தேன். பூட்டு அழுத்தியிருந்தது.

அன்றிலிருந்து அது எங்களுக்குள் நடந்தது. ஒவ்வொரு இடைவேளையிலும் நான் டொக்கென்று சாவியை எடுப்பேன், போவேன், அழுத்தாமல் விட்டுவிட்டு வருவேன். கொஞ்சம் கழித்து அவள் கட்டுரை நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போகிறவள் போலப் போவாள். திரும்பும்போது பூட்டை அழுத்திவிட்டு வருவாள். அழுத்தச் சாவி வேண்டாமே. அதனால் அடுத்த தடவை மறுபடி நான்தான் திறக்க வேண்டும். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மணி அடித்தால் எழுந்து ஓடுகிறாளே என்று எனக்குச் சர்க்கரை வியாதியே வைத்துவிட்டார்கள். ஆண்கள் மேசையில் என் தலை தெரிந்தால் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பு வரும். விஷயம் தாளாளர் காதுக்குப் போனது. அவருக்குப் பரம சந்தோஷம். கடைசியில் திட்டத்துக்கு ஒரு நோயாளி கிடைத்துவிட்டாள். "சுகருக்குப் பாகக்காயை மிஞ்சினது ஒண்ணும் கெடையாதுங்க டீச்சர்" என்று தன் வீட்டிலிருந்தே தினமும் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு கொடுத்தனுப்பினார். எனக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு எதற்கு இத்தனை தடவை போகிறாய் என்ற கேள்வி வரும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். ஆயா நின்று பார்க்கிற நாளில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். பார்க்காத நாளில் குரோட்டன்ஸ் குடித்தது. ஏதோ ஒரு கிளப்பில் தாளாளருக்குச் சால்வை போட்டார்கள், ஆசிரியர் ஆரோக்கியத்தைக் காப்பவர் என்று. அந்த மேடையில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றியும் பேசினாராம், கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று. கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அன்று வகுப்பில் யாரும் மூச்சுவிடவில்லை.

பிறகு அவருக்கு வேறு பைத்தியம் பிடித்தது, பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்குவதில் இறங்கினார். பயிற்சியாளர் வருவது நின்றது. தண்ணீர் மணி நின்றது. பேக்கரி டீ கேனில் திரும்ப வந்தது, சர்க்கரையோடு. ஜமக்காளங்கள் ஆண்டுவிழாவில் தரையில் விரிக்கப் பயன்பட்டன. அத்தனை பேரின் உடம்பையும் மாற்ற வந்த திட்டம் ஒரு உடம்பிலும் ஒட்டவில்லை. மற்ற டீச்சர்கள் பழையபடி அரை டம்ளர் காப்பியோடு வந்து, ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு, அடக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். சாவி அவர்கள் கண்ணெதிரிலேயே தொங்கியது. அவர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு அந்த ஆணியைப் பார்ப்பேன், ஆத்திரம் அங்கே திரும்பிவிடும்.

நானும் அவளும் மட்டும் விடவில்லை. அவளுக்கு அந்தக் காய்ச்சல் திரும்ப வரவில்லை.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் புதிதாக ஒரு ஆங்கில டீச்சர் வந்தாள். சின்னப் பெண், உதடு எப்போதும் காய்ந்து வெடித்திருக்கும். சாப்பாட்டு டப்பாவோடு கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பிப் போகும். ஒருநாள் முதல் இடைவேளையில் ஒரு பிள்ளையின் அப்பா என்னை ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மகனுக்கு ஏன் கணக்கு ஏறவில்லை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் கண் உள்ளேதான் இருந்தது. இன்றைக்குப் பூட்டைத் திறக்க ஆள் இல்லையே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

வரலாறு எடுப்பவள் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, நேராக ஆண்கள் மேசைக்குப் போய், அவர்கள் தலைக்கு மேலே கையை நீட்டிச் சாவியை எடுத்தாள். டொக்கென்று சத்தம் வந்தது. பேப்பர்கள் இறங்கின. அவள் யாரையும் பார்க்கவில்லை. கட்டையை வீசிக்கொண்டே, நான் எப்படிப் போவேனோ அதே மாதிரி, என்னைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தவள் சாவியை ஆணியில் மாட்டவில்லை. அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"போய்ட்டு வாங்க அம்மணி" என்றாள், வகுப்பெடுக்கிற அந்தப் பெரிய குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி. "பூட்டை அழுத்தாமத்தான் வெச்சிருக்கறேன். எனக்கும் அந்தக்கா அப்படித்தான் வெச்சாங்க."

அந்த அப்பா கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. வீட்டில் இரண்டு கழிவறை இருக்கிறது, இரண்டுக்கும் பூட்டுக் கிடையாது. தண்ணீர் இன்றைக்கும் எனக்கு இறங்குவதில்லை, யார் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் தெருக்கோடிப் பள்ளியில் முதல் இடைவேளை மணி அடித்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். அவசரம் ஒன்றும் இருக்காது. கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, வரும்போது கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு வருகிறேன்.